முக்கால் இஞ்ச் பலகை: முதல்முறை பிளைவுட் வாங்குகிறவர்களுக்கு

பிளைவுட் கடைக்குள் போனதும் கடைக்காரர் அடுக்கின் மேலே இருக்கும் ஷீட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக் காட்டுவார். "பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். இருக்கும்தான். மேல்முகம் எல்லாப் பலகையிலும் அழகாகத்தான் இருக்கும். அது அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத ஒரு தோல். அதன்மேல் மைக்கா ஒட்டிவிட்டால் அந்த முகத்தை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதே இல்லை. நீங்கள் குனிந்து பார்க்க வேண்டியது அடுக்கின் ஓரத்தை. பலகையின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

இதை நான் கற்றது திருச்சியில் எங்கள் வீட்டு வேலை நடந்தபோது. அடுப்படியில் தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கும் படுக்கையறை அலமாரிக்கும் ஒரே பலகையை வாங்கிப் போட்டோம். இரண்டு மழைக்காலம் போனதும் தொட்டிக்குக் கீழே இருந்த அடிப்பலகை ஓரத்தில் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. படுக்கையறையில் இருந்ததற்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. அதே கடை, அதே பலகை, அதே ஆசாரி. போட்ட இடம்தான் தவறு. அந்தப் பலகை எது, எங்கே போகலாம் என்று வாங்கும்போது எங்களுக்குச் சொல்வார் யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலகை எப்படிப் பிறக்கிறது

மரக்கட்டையை நீராவியில் வேகவைத்தோ நீரில் ஊறப்போட்டோ இளக்கி, பெரிய கத்தியின் முன்னால் சுழலவிடுவார்கள். பென்சில் சீவும்போது சுருள் வருவதுபோல, கட்டையிலிருந்து நீளமான மெல்லிய தாள் உரிந்துகொண்டே வரும். அதுதான் வெனீர். அதை உலர்த்தி, பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சூடான அழுத்தியில் வைத்து அமுக்கினால் பிளைவுட்.

குறுக்கும் நெடுக்குமாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோரைப்பாயை ஒரு பக்கமாக எளிதாகச் சுருட்டலாம், மறுபக்கமாகச் சுருட்டினால் கோரை ஒடியும். இரண்டு பாயைக் குறுக்காக வைத்து ஒட்டிவிட்டால் எந்தப் பக்கமும் சுருட்ட முடியாது. மரமும் அப்படித்தான். ஈரம் பட்டால் நார் ஓடும் திசையில் அது நீளுவது இல்லை என்றே சொல்லலாம், குறுக்கே நன்றாக உப்பும். ஒரு தாள் உப்பப் பார்க்கும்போது மேலும் கீழும் குறுக்காக ஒட்டிய தாள்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் பழைய மரக்கதவு நிலையில் சிக்குவதும் நல்ல பிளைவுட் கதவு சிக்காததும் இதனால்தான். தாள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வைக்கப்படுவதற்கும் காரணம் இதுவே: நடுத்தாளுக்கு இருபுறமும் சரிசமமாக இழுத்தால்தான் பலகை கோணாது.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியேறுவதை நிறுத்தியது. அங்கிருந்த பிளைவுட் ஆலைகள் பலவும் முடங்கின. அதன்பின் தொழில் விவசாயிகள் வளர்க்கும் மரங்களின் பக்கம் சாய்ந்தது. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்ளரும் தைலமரமும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும் இன்று பலகையாகின்றன. கடைகளில் பெருமையாகச் சொல்லப்படும் கர்ஜன் மரம் முன்பு மியான்மரிலிருந்து நிறைய வந்தது. 2014 ஏப்ரலில் அந்நாடு முழுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. எனவே "முழுக்க கர்ஜன் சார்" என்று சிவந்த முகத்தைக் காட்டினால் அப்படியே நம்ப வேண்டாம். முகத்துக்கு மட்டும் கர்ஜன் ஒட்டியிருக்கலாம், சிவப்பு வெறும் சாயமாகவும் இருக்கலாம். ரப்பர் மரமோ தைலமரமோ மட்டம் என்று நான் சொல்லவில்லை. மருந்தேற்றி, நல்ல பசையில் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அவை தாராளமாக உழைக்கும்.

மூன்று பெயர்கள், ஒரே கேள்வி

கடையில் காதில் விழும் பெயர்கள் ஏராளம். கமர்ஷியல், வாட்டர் ப்ரூஃப், மரைன், 710, கோல்டு, பிளாட்டினம். பொன்னையும் பிளாட்டினத்தையும் விட்டுவிடுங்கள், அவை கம்பெனிகள் வைக்கும் பெயர்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பசை என்ன, அது எவ்வளவு நேரம் தண்ணீருக்குத் தாங்கும்?

எம்.ஆர். என்பது ஈரக்காற்றைத் தாங்கும் ரகம். இதைத்தான் கமர்ஷியல் என்கிறார்கள். பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசை. பரிசோதனையில் 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் தாங்கினால் போதும். படுக்கையறை அலமாரி, டி.வி. சுவர், புத்தக அடுக்கு, கட்டில் தலைப்பலகை எல்லாவற்றுக்கும் இது போதும்.

பி.டபிள்யூ.ஆர். கொதிநீரைத் தாங்கும் ரகம். பீனால் பார்மால்டிஹைடு பசை, கொதிக்கும் நீரில் 8 மணி நேரம். எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். இரண்டும் ஐ.எஸ். 303 என்ற தரக்குறியீட்டின் கீழ் வருபவை. அடுப்படிக்கு இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பி.டபிள்யூ.பி. என்பது ஐ.எஸ். 710. மரைன் என்று சொல்வது இதைத்தான். கொதிநீரில் 72 மணி நேரம், அதாவது மூன்று பகல் மூன்று இரவு. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றுவதும் இந்தத் தரத்தின் நிபந்தனை. தொட்டிக்குக் கீழே, குளியலறைக்குள், துவைக்கும் இடத்தில், தண்ணீர் ஏறும் பகுதி என்றால் தரைத்தளத்தில் தரையை ஒட்டி வரும் பெட்டிகளுக்கு இது.

வீடு முழுக்க 710 போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படுக்கையறைக்கு 710 வாங்கும் காசை, அடுப்படியின் கீல்களிலும் டிராயர் சேனல்களிலும் போட்டால் தினமும் அதன் பலன் தெரியும்.

கடையில் என்ன செய்வது

ஒரு டேப், கைப்பேசி டார்ச், முடிந்தால் கனம் அளக்கும் வெர்னியர் ஒன்று எடுத்துப் போங்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் ஓரம். டார்ச் வெளிச்சத்தை ஓரத்தில் ஓட்டுங்கள். தாள்கள் ஒரே கனத்தில் கோடு போட்டதுபோல ஓட வேண்டும். நடுவில் கறுத்த ஓட்டை தெரிந்தால் அது தாளும் தாளும் சேராமல் விட்ட இடைவெளி. ஓரிடத்தில் கோடு தடித்து மேடாகத் தெரிந்தால் ஒரு தாள் இன்னொன்றின்மேல் ஏறியிருக்கிறது. ஓரத்தில் மெழுகோ புட்டியோ பூசி மறைத்திருந்தால் எச்சரிக்கையாகுங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் திருகு இறங்கினால் பிடிக்காது. தண்ணீர் நுழைந்தால் அங்கே தங்கும், கரையானுக்கும் அது வாசல். முழு ஷீட்டை நடுவில் வெட்டினால்தான் உள்ளே இருப்பது முழுதாகத் தெரியும். நிறைய ஷீட் எடுப்பதாக இருந்தால், "ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

அடுத்து கனம். ஆசாரிகள் கணக்கில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். முக்கால் இஞ்ச் என்றால் ஆறு நூல், அதாவது 19 மி.மீ. 6 மி.மீ.க்கு மேற்பட்ட பலகையில் 5 விழுக்காடு கூடலாம் குறையலாம் என்பது தரவிதி. ஆகவே 19 என்று விற்பது 18க்குக் கீழே இறங்கக்கூடாது. 17 வந்தால் அது 19 அல்ல, 19இன் விலையும் தரத் தேவையில்லை. நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை வேறுபட்டால் கதவு இடுக்கு ஒருபோதும் நேராக வராது.

பிறகு எடை. எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர். 19 மி.மீ. கனத்தில் அதன் கன அளவு ஏறக்குறைய 0.0565 கனமீட்டர். ஒரு கனமீட்டர் 600 கிலோ நிற்கும் மரமாக இருந்தால் ஷீட் 34 கிலோ, 700 என்றால் 40 கிலோ வரை வரும். பாப்ளர் போன்ற இலேசான மரத்தில் 28, 30 கிலோவே வரலாம். எடையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சரியாகக் காயாத பலகையும் கனக்கும். ஆனால் 710 என்று சொல்லித் தரும் பலகையை ஒரு கையால் தூக்கி நிறுத்த முடிகிறது என்றால் ஏன் என்று கேளுங்கள்.

முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. குறி, ஐ.எஸ். எண், ரகம், கனம், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் எல்லாம் பலகையில் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் அது எந்த நிறுவனத்துடையது, இன்னும் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். ரசீதிலும் இதே விவரங்களை எழுதி வாங்குங்கள். "பிளைவுட் 10 ஷீட்" என்று மட்டும் எழுதிய ரசீது நாளைக்கு எதற்கும் உதவாது. சொல்லும் விலை சதுர அடிக்கா, ஷீட்டுக்கா, ஜி.எஸ்.டி. சேர்த்தா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு ஷீட்டுக்கு 32 சதுர அடி.

சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு இஞ்ச் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, இனிச் சமைக்கப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில், திறந்த வெளியில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுங்கள். யூரியா பசைத் துண்டு பெரும்பாலும் சீக்கிரமே அடுக்குப் பிரிய ஆரம்பிக்கும். நாலைந்து மணி நேரம் கழித்தும் கத்தி முனைக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறதென்றால் பசை நல்ல பசை. ஆய்வுக்கூடத்து 72 மணி நேரத்துக்கு இது ஈடாகாது. ஆனால் கமர்ஷியலுக்கு மரைன் என்று முத்திரை குத்தியிருந்தால் இதிலேயே பிடிபட்டுவிடும்.

கமிஷனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில கடைகளில் ஆளைக் கூட்டிவரும் ஆசாரிக்கு ஒரு பங்கு போகிறது, அது உங்கள் விலையில்தான் ஏறும். ஆசாரியைச் சந்தேகித்துக்கொண்டே வேலை வாங்குவது யாருக்கும் நல்லதல்ல. "கூலியை நியாயமாகப் பேசிக்கொள்வோம், சாமான் நான் வாங்கித் தருகிறேன், நீங்கள் கூட வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். நல்ல ஆசாரியின் கண் நம் டேப்பைவிடக் கூர்மையானது.

எத்தனை ஷீட் வேண்டும்

"ஒரு பத்து ஷீட் ஆகும்" என்ற வாய்க்கணக்கில் வாங்காதீர்கள். தாளில் வரைந்து வெட்டுக் கணக்குப் போடுங்கள். ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம்: உயரம் 7 அடி, அகலம் 4 அடி, ஆழம் 2 அடிக்குச் சற்றுக் குறைவு. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3, 4 மி.மீ. தின்னும், அதனால்தான் சற்றுக் குறைவு.

முதல் ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரு பக்கப் பலகைகளும் வந்துவிடும். இரண்டாவதில் ஒரு பாதியில் மேல்பலகையும் அடிப்பலகையும், மறுபாதியில் நடுத்தடுப்பு. மூன்றாவதில் இரண்டுக்கு இரண்டாக எட்டுத் தட்டுகள். பின்பலகைக்கு 6 மி.மீ. ஷீட் ஒன்று. இரண்டு கதவுக்குப் பிளாக்போர்டு ஒன்று. ஆக முக்கால் இஞ்ச் பிளைவுட் மூன்று, கால் இஞ்ச் ஒன்று, பிளாக்போர்டு ஒன்று. முதல் இரண்டு ஷீட்டில் மிஞ்சும் ஓரடித் துண்டுகள் டிராயருக்குப் போகும்.

இதே அலமாரியை 4 அடி 3 இஞ்ச் ஆக்கினால் என்ன ஆகும்? பின்பலகை ஒரே ஷீட்டில் வராது, இரு கதவும் ஒரே பிளாக்போர்டில் வராது, எட்டுத் தட்டும் ஒரே ஷீட்டில் அடங்காது. மூன்று இஞ்சுக்காக மூன்று ஷீட் கூடும். அறையின் அளவுக்கு வரைவதற்கு முன் ஷீட்டின் அளவுக்கு வரைந்து பாருங்கள். சுவரோரம் மிஞ்சும் மூன்று இஞ்சை ஒரு பட்டையால் மூடிக்கொள்ளலாம்.

கதவுக்கு ஏன் பிளாக்போர்டு? அதன் நடுவில் தாள்களுக்குப் பதில் மரப்பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஏழடிக் கதவு தனியாகத் தொங்கும்போது பிளைவுட்டைவிட இது கோணுவது குறைவு, எடையும் குறைவு. தட்டுக்கு வெட்டும்போது மேல்முகத்து நார் தட்டின் நீளவாக்கில், இருபக்கத் தாங்கல்களுக்கும் இடையே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தட்டு சீக்கிரம் தொய்யும். புத்தகம் வைக்கும் தட்டு இரண்டரை அடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஒரு தாங்கல் கொடுத்துவிடுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கனமும் உண்டு. அடுப்படி மேடைக்குக் கீழே கடப்பாக் கல் நிறுத்தித் தடுத்திருந்தால், சுவரில் கல் தட்டுகள் பதித்த அலமாரி இருந்தால், உள்ளே பிளைவுட் பெட்டி செய்யத் தேவையே இல்லை. முன்பக்கம் சட்டம் அடித்துக் கதவு மட்டும் மாட்டினால் போதும். தண்ணீர் பட்டாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கரையானும் தின்னாது. இந்த வசதி இருந்தும் மாடுலர் ஆசையில் கல்லைப் பெயர்த்துவிட்டுப் பலகைப் பெட்டி வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வேலை நடக்கும்போது

பூச்சு வேலை முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பலகையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஈரச் சுவரில் சாய்த்து வைத்த ஷீட் ஒரே வாரத்தில் வில்லாக வளைந்துவிடும். சமதரையில் மரக்கட்டைகள் போட்டு, அதன்மேல் படுக்கவைத்து அடுக்குங்கள். குளியலறையை ஒட்டிய சுவராக இருந்தால் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அரை இஞ்சாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். அடிப்பலகை நேராகத் தரையில் உட்காரக்கூடாது. கல் பீடமோ பி.வி.சி. காலோ கொடுத்துத் தூக்குங்கள், வீடு கழுவும் தண்ணீர் அதற்கடியில் ஓடிப்போகட்டும்.

மைக்கா இருபுறமும் ஒட்டப்பட வேண்டும். வெளியே 1 மி.மீ. ஒட்டினால் உள்ளே லைனர் எனும் மெல்லிய மைக்காவாவது ஒட்டியாக வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் பலகை அந்தப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இழுபட்டுக் கோணிக்கொள்ளும். ஒட்டியதும் பாரம் ஏற்றி ஒரு முழுநாள் விடுங்கள். வேலை வேகமாக ஓடும் வீடுகளில் முதலில் கைவிடப்படுவது இந்த ஒருநாள்தான்.

திருகு பலகையின் முகத்தில் நன்றாகப் பிடிக்கும், ஓரத்தில் இறக்கினால் தாள்களைப் பிளக்கும். ஓரத்தில் இறக்க வேண்டிய இடத்தில் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொண்டு பிறகு முறுக்கச் சொல்லுங்கள். தொட்டிப் பக்கம் எவர்சில்வர் திருகு. மூன்றடிக் கதவுக்கு இரண்டு கீல் போதும், ஏழடிக் கதவுக்கு நாலுக்குக் குறைய வேண்டாம்.

இனி ஓரம். முன்னால் தெரியும் ஓரங்களுக்கு எல்லோரும் பட்டை ஒட்டிவிடுவார்கள். பின்னோரம், அடியோரம், தொட்டிக் குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் உள்வட்டம் ஆகியவை யார் கண்ணிலும் படாததால் பச்சையாகவே விடப்படும். தண்ணீர் ஏறுவது அங்கேதான். பெட்டியை இடத்தில் தள்ளுவதற்கு முன் அந்த ஓரங்களுக்கெல்லாம் இரண்டு கை பெயிண்டோ வார்னிஷோ அடித்துவிடுங்கள். அரை லிட்டர் டப்பா போதும். எங்கள் அடுப்படியில் இதைச் செய்திருந்தால் அந்தப் பலகைகூட இன்னும் சில வருடம் நின்றிருக்கும்.

மற்ற பலகைகளைப் பற்றிச் சுருக்கமாக: மரத்துகளை அமுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ரொட்டிபோல ஊறிவிடும், அடுப்படிக்குள் விடாதீர்கள். மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப்., பெயிண்ட் அடிக்கும் கதவுக்கும் சித்திர வேலைக்கும் நல்லது, நனையாத இடத்தில் மட்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. நனைந்தாலும் கெடாது, ஆனால் நீளமான தட்டுக்கு வைத்தால் தொய்யும். சென்ட்ரிங் அடித்துக் கழித்த ஷட்டரிங் பலகையை இழைத்து அலமாரிக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புது அலமாரியிலிருந்து கண்ணை எரிக்கும் நெடி வந்தால் அது பசையிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு. குழந்தைகள் அறைக்கு வாங்கும்போது இந்தக் கசிவு குறைவு என்பதற்கு அடையாளமாக இ1 அல்லது இ0 என்று குறித்த பலகையைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் கதவு, டிராயர் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, ஜன்னலையும் திறந்து இரண்டு வாரமாவது காற்றாடவிட்டுப் பிறகு துணி அடுக்குங்கள். மரம் வெட்டும் நாட்களில் தூசு பறக்கும். ஆசாரிக்கும் அவருடன் வரும் பையனுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் தொட்டிக்குக் கீழே இருக்கும் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடிப்பலகையின் பின்னோரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் உடனே குழாய்க் கசிவை நிறுத்தி, ஒருவாரம் காயவிட்டு, அந்த ஓரத்துக்கு மறுபடி ஒரு கை வார்னிஷ் அடியுங்கள்.